தியோடரின் பியட் தரையிறங்கிய விவரம்

கடைசி நட்டையும் முறுக்கி முடித்து மெக்கானிக் மைக்கேல்ராஜ் ஜாக்கை உருவி எடுத்த சனிக்கிழமை மத்தியானம், என் அண்ணன் தியோடரின் கார் கீழே இறங்கவில்லை. ஜாக் இல்லாமலேயே அது தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. அடியில் கட்டை ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று மைக்கேல்ராஜ் சிமென்ட் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து மதிலோரம் ரோஜாத் தொட்டியும், தொட்டிக்குப் பக்கத்தில் டோரீன் அண்ணியின் செருப்பும் தெரிந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார். டோரீன் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்டின் டவுன் மார்க்கெட்டில் அன்று மத்தி கிலோ இருநூற்று நாற்பது. செதிள் ஒட்டிய கையோடு வந்து பார்த்துவிட்டு, "காத்து அதிகமா அடிச்சிட்டியா?" என்று கேட்டார். வழக்கமாக அடிப்பதுதான் என்றார் மைக்கேல்ராஜ். "அப்ப எறக்கி விடு. எனக்கு அடுப்புல வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு டோரீன் உள்ளே போனார்.

தெருவில் பெரிய பரபரப்பு ஒன்றும் எழவில்லை. மூன்றாவது வீட்டு ஓஸ்வால்டின் வானொலிப் பெட்டி கரண்ட் போன நாட்களில் மட்டுமே பாடும். அதற்குப் பழகியவர்கள் இதையும் பார்த்தார்கள். சாயங்காலம் பூசைக்குப் போகிறவர்கள் கேட் அருகே நின்று குனிந்து பார்த்துவிட்டு, கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று போனார்கள். மாடி வீட்டில் தங்கியிருந்த ஐ.டி. பையன்கள் போனில் படம் எடுத்தார்கள். ஆனால் படத்தில் கார் எல்லாக் காரையும் போலத் தரையில்தான் நின்றது. அதனால் செய்தி தெருமுனையைத் தாண்டவில்லை. ஓஸ்வால்ட் மட்டும் ஒரு யோசனை சொன்னார். அவர் யோசனைப்படி ஆறு ஆட்கள் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள், டிக்கியில் மணல் மூட்டை வைத்தார்கள். கார் ஒரு நூல்கூடத் தாழவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. கியர் விழுந்தது. பின்சக்கரங்கள் காற்றில் சுற்றின. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் யாராவது ஒற்றை விரலால் தொட்டால் தொட்டிலைப்போல நகர்ந்து மதிலில் போய் இடித்தது. அன்று சாயங்காலம் காற்று வீசவே, டோரீன் துணிக்கொடியை அவிழ்த்து வந்து, ஒரு முனையைப் பம்பரிலும் மறுமுனையைக் கேட்டிலுமாகக் கட்டிப்போட்டார்.

தியோடர் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த கிரீம் நிற பியட்டைக் கல்யாணமான மறுவருஷம் வாங்கினார். அப்போதே அதற்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து அதைப் பழுது பார்த்துக்கொண்டே ஓட்டினார், ஓட்டிக்கொண்டே பழுது பார்த்தார். வண்டியிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்டையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைப்பார், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார், மரை மழுங்கியிருந்தால் சீராக்குவார், விரலால் கிரீஸ் தடவுவார், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளைக்கே திருப்பி அனுப்புவார். இத்தனை வருஷம் சேர்ந்திருந்த போல்ட்டும் துளையும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியிருக்கும், மாற்றினால் இரண்டுக்கும் கெடுதல் என்பது அவர் கட்சி. இதற்காக ஒரு வழி வைத்திருந்தார். எந்தப் பாகத்தைப் பிரித்தாலும், பழைய மாதா காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பாகத்தின் வடிவத்தை வரைவார். துளை உள்ள இடங்களில் ஆணியால் குத்தி, கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்தில் செருகிவைப்பார். கதவுக் கீல் ஒரு அட்டை, பானெட் ஒரு அட்டை, டைனமோ ஒரு அட்டை. அவை சாப்பாட்டு மேசைமேல் கிடக்கும். டோரீன் அட்டைகளை ஒதுக்கி ஒதுக்கித்தான் முப்பத்தைந்து வருஷம் சோறு பரிமாறினார்.

டோரீன் அதைப் பற்றிச் சொல்லாத விருந்தாளி கிடையாது. "கல்யாணத்தன்னிக்கு ஃபாதர் மோதிரம் எடுங்கன்னாரு. இவரு கோட்டுப் பையில கைய விட்டாரு, வாஷர் வந்துச்சு. ஃபாதர் அதையும் மந்திரிக்கக் கைய தூக்கிட்டாரு. நான்தான் கிள்ளுனேன்" என்பார். தியோடர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார், மறுப்பதில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மகள் ஆஞ்சலாவை வீட்டுக்குக் கூட்டிவர தியோடர் கிளம்பினார். ஆஞ்சலாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரநாட்களில் அங்கேயே ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தாள். மேம்பாலச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், பின்பக்கத்து இடது ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருந்த போல்ட் இரண்டாக உடைந்தது. கார் மெதுவாக ஓரம் சாய்ந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. விளக்கு உடையவில்லை. பக்கத்து சீட்டில் ஆஞ்சலாவுக்காக வைத்திருந்த பிளாஸ்க் சாயவில்லை. பின்னால் வந்த கம்பெனி கேப் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, தியோடர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு, சிக்னலுக்குக் காத்திருப்பவரைப்போல முன்னால் பார்த்தபடி இறந்துபோயிருந்தார்.

இதயம் நின்றதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். காரை இழுத்து வந்த மைக்கேல்ராஜ், போல்ட் உடைந்திருப்பதைச் சொன்னார். முதலில் நடந்தது எது என்று டோரீன் இரண்டு பேரிடமும் கேட்டார். போல்ட்டைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார் டாக்டர். இதயத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார் மைக்கேல்ராஜ். இரண்டு பேரும் சொல்லாததால் டோரீன் தாமே முடிவு செய்துகொண்டார். போல்ட்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கார் முன்வாசலில், மைக்கேல்ராஜ் கொண்டுவந்து விட்டபடி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வரும் ஜனவரியில் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இத்தனை பழைய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் கண்ணில் காட்ட வேண்டும். தேறாவிட்டால் சிவாஜிநகர் குஜ்ரியில் பழைய இரும்பாக உடைக்கப் போடுவதைத் தவிர வழியில்லை. போடட்டும் என்றுதான் டோரீன் முதலில் சொன்னார். ஆஞ்சலா கேட்கவில்லை. "டாடியோட வாசன அதுல மட்டுந்தான் இருக்கு மம்மி. பீரோல கூட நாப்தலின் வாசனதான் வருது" என்றாள். டோரீன் போய் முன்கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கும் தெரிந்தது. கார் இருக்கட்டும், ஆனால் அதில் பழைய போல்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மைக்கேல்ராஜுக்கு மர்பி டவுனில் ஷெட். சாய்ந்து நிற்கும் காரை மறுபடி அவ்வளவு தூரம் இழுக்க மனமில்லாததால், கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவரே ஆஸ்டின் டவுனுக்கு வந்து, முன்வாசலில் தார்ப்பாய் கட்டி வேலை பார்த்தார். டோரீனின் நிபந்தனையைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அக்கா, பிரேக், ஸ்டீயரிங், பின்னாடி ஸ்பிரிங்கு, இதுக்கெல்லாம் நீங்க சொல்லலன்னாலும் புதுசுதான் போடுவேன். நம்பர் பிளேட்டு ஸ்க்ரூ யார என்ன பண்ணுச்சு?"

"அதுவும் அவரு தேச்சு வெச்சதுதானே?"

"ஆமா."

"அப்ப அதுவும் வேணாம்."

"கதவுக் கீலுக்கு உள்ளது மாதிரி இப்ப வர்றதே இல்லக்கா. தல வேற மாதிரி இருக்கும். பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். தல எப்படியோ இருக்கட்டும். என் புருஷன் தல போயிடுச்சு."

மைக்கேல்ராஜ் ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொண்டார். ஜே.சி. ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கினார். கிடைக்காத அளவுகளைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். தங்கமுலாம் பூசியதுபோல மஞ்சளாக மின்னின புதுப் போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அதன் பலத்துக்கான எண் பொறித்திருந்தது. பழையவற்றைக் கழற்றக் கழற்ற, பழக்க தோஷத்தால் மைக்கேல்ராஜும் அவற்றைத் தியோடரின் அட்டைகளிலேயே செருகிவைத்தார். அக்டோபர் நடுவில் கார் முழுக்க வெறுந்துளைகளாகவும் சாப்பாட்டு மேசை முழுக்கப் போல்ட்டுகளாகவும் இருந்தன.

அதே வாரம்தான் கல்லறைக்கு மூடுகல் போட்டது. ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்யும் கொத்தனார் சவரி, வேண்டாம் என்றுதான் சொன்னார். "மண்ணு இன்னும் உக்காரலம்மா. மழ முடியட்டும். இப்ப சிலாபு போட்டா எறங்கும்." நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் மெழுகுவத்தியோடு வரும். அன்றைக்குத் தன் கணவர் மட்டும் வெறும் மண்ணில் கிடக்க டோரீனுக்குச் சம்மதமில்லை. சவரி கலவை போட்டார். கலவையைப் பலகைச் சட்டத்துக்குள் பாதி கொட்டி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, டோரீன் கூடவே கொண்டுவந்திருந்த அரிசிப் பையைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். அட்டைகளிலிருந்து பிடுங்கிய போல்ட்டுகள், நட்டுகள், ஸ்க்ரூக்கள், வாஷர்கள், உடைந்த அந்த ஒன்றின் இரண்டு துண்டுகள், எல்லாம் ஈரச் சிமென்டில் விழுந்து முங்கின. "இந்தாங்க. உங்க சொத்து. நீங்களே வெச்சுக்குங்க" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். இரும்பு சேர்ந்தால் சிலாப்புக்கு நல்லதுதான் என்று சவரி மேலே மீதிக் கலவையைக் கொட்டி மூடினார். தூறலுக்கு நான் குடை பிடித்திருந்தேன். டோரீன் அழவில்லை. திரும்பி வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் மீட்டருக்காகச் சண்டை போட்டார்.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமைதான் புதுப் போல்ட்டெல்லாம் போட்டு முடித்த கார் கீழே இறங்காமல் நின்றது.

காற்றிலேயே நிற்கிற காரோடு வாழ்வது முதல் சில நாட்கள் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பூனை அதனடியில் வந்து படுத்தது. தெருப் பிள்ளைகளின் பந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. மழை பெய்தால் கீழே காரின் அளவுக்கு ஒரு துண்டு இடம் காய்ந்திருந்தது. டோரீன் அதில் மிளகாய் வற்றல் தாம்பாளத்தைத் தள்ளிவைத்தார். பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த நீர் காரின் மீது பட்டு வழிந்து, சக்கரத்தின் நுனியில் நின்று, ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்தது. சாத்தானுடைய வேலையாகத் தெரியவில்லை, மெக்கானிக்கைக் கேளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். ஆஞ்சலா மட்டும்தான் கவலைப்பட்டாள். சக்கரம் தரையில் படாத வண்டியை எந்த இன்ஸ்பெக்டரும் தேற்ற மாட்டார். ஜனவரி தாண்டினால் குஜ்ரிதான்.

அந்த நாட்களில்தான் டோரீன் தியோடரின் துணிமணிகளை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுக்க எடுத்து மடித்தார். கொடுக்கும் துணியின் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கல்யாணக் கோட்டின் உள்பையில் அந்த வாஷர் அப்படியே இருந்தது. சன்னல் வழியாக அதை மைக்கேல்ராஜிடம் நீட்டினார்.

"இந்தா, இத எங்கயாவது தூக்கிப் போடு."

"நம்பர் பிளேட்டுக்கு ஒரு வாஷர் கொறையுது. போட்டுக்கட்டுமா? பழசுன்னு சண்டைக்கு வரக் கூடாது."

"போல்ட்டு வேணாம்னுதான் சொன்னேன். வாஷர் யாரக் கொன்னுச்சு? போடு."

மைக்கேல்ராஜ் பின்பக்கத்து நம்பர் பிளேட்டின் இடது ஸ்க்ரூவில் அதைக் கோத்து முறுக்கினார். முறுக்கி முடித்ததும் காரின் அந்த மூலை ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். மூலை மேலே போனது. மறுபடி முறுக்கினார், இறங்கியது. உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்து முழுக்கக் குடித்துவிட்டு, சன்னலுக்கு வந்தார்.

"அக்கா, பழசெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"அவர்ட்ட இருக்கு."

"அவர்ட்டன்னா?"

டோரீன் சொன்னார். மைக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். கல்லறையை உடைக்கிற பேச்சை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆஞ்சலா எடுத்தாள். அந்த வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சண்டை நடந்ததில்லை. "அவரச் சாவடிச்சத எடுத்துட்டு வந்து மறுபடி மாட்டி, அதுல உன்ன ஏத்தி அனுப்பணுமா? அதுக்கு நான் இருக்கணுமா?" என்று டோரீன் கத்தினார். "அப்ப வண்டிய வித்துடு! பாதி டாடிய வெச்சிக்கிட்டுப் பாதிய பொதச்சா எப்படி?" என்று ஆஞ்சலா கத்தினாள். இருவரும் சத்தம் போட்டதில் கார் ஆடி, துணிக்கொடி இழுபட்டு, கேட் கிறீச்சிட்டது. அன்றிரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் டோரீன் குஜ்ரிக்காரருக்குப் போன் செய்து, ஜனவரி கழித்து வரச் சொன்னார்.

நவம்பர் இரண்டாம் தேதி நாங்கள் மூன்று பேரும் செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். மூடுகல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சவரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்து, "நான் அப்பவே சொன்னேன், எறங்கும்னு" என்றார். ஆனால் உடனே குனிந்து மட்டப் பலகையை வைத்துப் பார்த்தவர், அதைத் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார். மண் உட்கார்ந்தால் கல் கோணலாகத்தான் இறங்கும். இது நேராக இறங்கியிருந்தது. சரியாக ஒரு சாண். இடது காலருகே உள்ள மூலை மட்டும் ஒரு விரற்கடை மேலே இருந்தது.

டோரீன் முழங்காலிட்டு, தன் கையை விரித்து அளந்து பார்த்தார். பிறகு அந்த உயர்ந்த மூலையில் ஒற்றை விரலை வைத்தார். சுற்றிலும் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை; முழங்கால் வலி உள்ளவர். நான் கைகொடுத்துத் தூக்கினேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "பிரிஜெட், இவரு மேல வண்டிய ஏத்தி வெச்சிருக்கேன்" என்றார். அப்போதுதான் அழுதார். ஜூலையிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்துக் கல்லறைக் குடும்பம் மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. மூக்கைச் சிந்தி முடித்ததும் சவரியைப் பார்த்து, "ஒடைங்க" என்றார்.

"இன்னிக்கா? ஊரே வெளக்கோட நிக்குதும்மா!"

"இவ்வளவு கனத்த வெச்சிக்கிட்டு இவரு இன்னொரு நாள் படுக்கணுமா?"

சவரி மறுநாள் காலை உடைத்தார். பெட்டியைத் தொடவில்லையே, மேல்கல்தானே என்று பங்குத்தந்தை அனுமதி கொடுத்தார். சிமென்ட் பாளம் பாளமாகப் பிளந்தது. போல்ட்டுகள் பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டை வருவதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றில்கூடச் சிமென்ட் ஒட்டியிருக்கவில்லை. தியோடர் தடவிவைத்திருந்த கிரீஸ் அப்படியே இருந்தது. "எண்ணெ தடவுன இரும்ப யாராச்சும் சிலாபுல போடுவாங்களா? மொதல்லயே ஒரு வார்த்த சொல்றதில்ல?" என்று சவரி டோரீனைத் திட்டினார். டோரீன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவர் யாரிடமாவது அப்படித் தலை குனிந்து நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அரிசிப் பை வீட்டுக்குத் திரும்பி வந்தது. சாப்பாட்டு மேசைமேல் அதைக் கொட்டி, எது எந்தத் துளையினுடையது என்று தேட உட்கார்ந்தார்கள். காலண்டர் அட்டைகளை டோரீன் தூக்கிப் போட்டிருக்கவில்லை. சூடான பாத்திரம் வைக்க ஆகும் என்று எடுத்துவைத்திருந்தார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் அதன் போல்ட்டின் தலை அளவுக்குத் துருவும் கிரீஸும் சேர்ந்து ஒரு வட்டம் படிந்திருந்தது. வட்டத்தோடு தலையைப் பொருத்திப் பார்த்து மைக்கேல்ராஜும் ஆஞ்சலாவும் செருகினார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த டோரீன், "அது அங்க இல்ல. அது பானெட்டு. அது மேல நான் ரசம் கொட்டியிருக்கேன்" என்று ஒன்றைப் பிடுங்கி வேறு அட்டையில் வைத்தார். பிறகு அவரே நிறையச் செருகினார்.

உடைந்த போல்ட்டின் இரண்டு துண்டுகளும் கடைசியாக வந்தன. டோரீன் அவற்றை மைக்கேல்ராஜிடம் கொடுத்து, முதலில் நடந்தது எது என்று மறுபடியும் கேட்டார். மைக்கேல்ராஜ் வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். முறிந்த முகத்தில் முக்கால் வட்டம் கறுத்துத் துருவேறியிருந்தது. மீதிதான் பளபளப்பாக இருந்தது.

"கறுப்பா இருக்கே, இது பழைய விரிசல்க்கா. ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே போயிட்டு இருந்திருக்கு. வெளிய தெரியாது. இந்தக் கொஞ்சந்தான் அன்னிக்கு ஒடஞ்சது."

டோரீன் துண்டுகளை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "ஹார்ட்டும் அப்படித்தான் இருந்துச்சுன்னாரு டாக்டரு. ரொம்ப நாளாவாம்" என்றார். பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, "ரெண்டும் சேந்து எங்கிட்ட மறச்சிருக்கு" என்றார். முதலில் நடந்தது எது என்று அதற்குப் பிறகு யாரிடமும் அவர் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் மைக்கேல்ராஜ் வேலையை மறுபடி ஆரம்பித்தார். நம்பர் பிளேட், பானெட், கதவுக் கீல், டாஷ் போர்டு, சன்னல் சட்டம், டிக்கி மூடி என்று ஒவ்வொன்றிலும் புதியதைக் கழற்றிப் பழையதைப் போட, கார் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டைனமோவின் போல்ட் போட்டபோது முன்பக்கம் நன்றாகவே இறங்கியது. கதவுக் கீல்களுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. கல்லறையில் சவரி மண்ணை நிரப்பி இடித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார். இப்போது இறங்கவில்லை என்று சொல்லியனுப்பினார். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றில் மட்டும் புதுப் போல்ட்டுகளே இருக்கும் என்று மைக்கேல்ராஜ் பிடிவாதமாக நின்றார். அதற்குள் டோரீனுக்கு மனம் மாறி எல்லாவற்றையுமே பழையதாகப் போடலாமே, வண்டி முழுசாக இறங்கிவிடுமே என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

"இந்த நாலு எடத்துல மாட்டேன்க்கா. அண்ணனே கல்லறையிலேந்து எழுந்து வந்து கேட்டாலும் மாட்டேன்."

"அவரு வந்தா கேக்க மாட்டாரு. நீ தூங்கறப்போ அவரே மாத்திட்டுப் போயிடுவாரு."

மைக்கேல்ராஜ் சிரித்தார். டோரீனும் சிரித்தார். உள்ளேயிருந்து ஆஞ்சலா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

புத்தாண்டுக்கு மறுநாள் முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொட்டன. பிறகு பின்பக்கத்து வலது. துணிக்கொடியை அவிழ்த்துத் திரும்பவும் துணி காயப்போட்டார்கள். பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும், போல்ட் உடைந்த அந்த மூலையில், ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்குத் தரைக்கு மேலேயே நின்றுவிட்டது. மைக்கேல்ராஜ் மறுத்த அந்த நாலு இடத்துப் பழசுகளை விட்டால், போடுவதற்கு மேசைமேல் வேறொன்றும் இல்லை. இரண்டு துண்டுகள் மட்டும்தான் இருந்தன. ஒட்டவைத்தாலும் அதை வண்டியில் ஏற்ற முடியாது. டோரீன் அவற்றில் தாமே கிரீஸ் தடவினார். சவரி புது மூடுகல் வார்த்தபோது ஈரச் சிமென்டில் இடது காலருகே வைத்தார். இந்த முறை எண்ணெய் தடவியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜனவரியில் ஆஞ்சலா காரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப் போனாள். டோரீன் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பத்ரிநாத் என்பவர் பிரேக் பிடித்துப் பார்த்தார், ஸ்டீயரிங் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். பின்பக்கம் வந்து குனிந்தவர் நிமிரவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இடது சக்கரத்துக்கு அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்தார். "ஏனு இது?" என்று கன்னடத்தில் கேட்டார். "அப்பந்து காடி, சார்" என்றாள் ஆஞ்சலா. அப்பாவுடைய வண்டி என்பதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவுக் கீலின் பழைய போல்ட் தலைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பரவாகில்லா, ஹோகி" என்றார். பரவாயில்லை, போங்கள் என்று அர்த்தம். தேற்றிவிட்டார். குஜ்ரிக்காரர் பிப்ரவரியில் போன் செய்தபோது டோரீன் தவறான நம்பர் என்று வைத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரும் பியட்டில் ஏறிக் கல்லறைக்குப் போகிறோம். மூடுகல் மட்டமாக இருக்கிறது. இடது காலருகே மட்டும் ஒரு தபால் அட்டைக் கனத்துக்குத் தாழ்ந்திருப்பதால், மழைக்குப் பிறகு அங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மைனா வந்து குடிக்கும். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போகிற நாட்களில், மேம்பாலச் சாலையில் அந்த இடத்தைக் கடக்கும்போது டோரீன் பேச்சை நிறுத்துவார், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் டயர் மாற்றப் போயிருந்தோம். ஆர்.டி.ஓ.வுக்காக மைக்கேல்ராஜ் புதிதாகப் போட்ட நான்கில் மூன்று டயர்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. பின்பக்கத்து இடது டயரில் புதிதாக வந்தபோது இருந்த ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. கடைக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஸ்டெப்னியா? ஓடவே இல்லையே!"

"அது ஓடறதில்லப்பா. கூட வருது" என்றார் டோரீன்.

கடைக்காரர் மூன்று டயரை மாற்றினார். மூன்றுக்கும் காற்று அடித்தார். பிறகு காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு போய், அந்த நான்காவதற்கும் அளந்து பார்த்து அடித்துவிட்டார்.